பத்துப் பேராக ஆடிய இருபத்தைந்து நிமிடம்

போன மாதம் வினோதினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரியில் என் இடத்துக்கு உடற்கல்வி இயக்குநராக வந்தவள். கால்பந்துப் போட்டிகளுக்கு இந்த வருடம் புதிய விதி ஒன்று வந்திருக்கிறது என்றாள். ஆட்டத்தில் யாருக்காவது தலையில் அடிபட்டு, மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாமாம். ஏற்கெனவே எல்லா மாற்றுகளையும் இறக்கி முடித்திருந்தாலும் பரவாயில்லையாம்.

“உங்க டைம்ல இது இல்லல்ல மேடம்? அப்போ இன்னா பண்ணுவீங்க?”

“வெளிய கூப்பிட்டுட்டா பத்துப் பேரோட ஆடணும்.”

“அப்படி ஆடியிருக்கீங்களா?”

ஒரு முறை ஆடியிருக்கிறோம். அடுப்பில் பால் இருந்ததால் அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை பக்கம். வீட்டில் நெல் விவசாயம். பள்ளியில் படிக்கும்போது வட்டு எறிவேன். அதில் கிடைத்த சான்றிதழ்களை வைத்து உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தேன். ஒன்பது வருடம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு கும்மிடிப்பூண்டிக் கல்லூரிக்கு வந்தேன். கால்பந்தை நான் ஆடியதே இல்லை. விதிப்புத்தகம் தெரியும், அவ்வளவுதான். பெண்கள் கால்பந்து அணி ஒன்று தொடங்க வேண்டும் என்று கல்லூரி முடிவெடுத்தபோது, துறைத் தலைவர் ரங்கராஜன் சாரிடம் போய் இதைச் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. தப்பாக் கத்துண்டது எதுவும் இருக்காது” என்றார்.

ரங்கராஜன் சார் திருவள்ளூர்க்காரர். பரம்பரையாகக் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். அண்ணன்மார் எல்லாரும் அந்த வேலையிலேயே இருக்க, இவர் ஒருவர் மட்டும் மைதானத்துக்கு வந்துவிட்டார். வாரநாட்களில் கும்மிடிப்பூண்டியில் ஓர் அறை எடுத்துத் தங்குவார். வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போய் கோயிலில் அண்ணனுக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை நெற்றியில் மெல்லிய திருமண்ணோடு மைதானத்தில் நிற்பார். கழுத்தில் விசில் தொங்கும். அதை அவர் ஊதி நான் கேட்டதில்லை. கையைத் தூக்குவார். அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஆட்டத்தன்று காலை ஒவ்வொரு பெண்ணையும் வரிசையில் நிறுத்தி, அவள் பெயருக்கு நேரே நான் கேட்டுச் சொல்வதை எழுதுவார். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், ஷூவின் அடிக்குமிழ்கள் இறுகியிருக்கின்றனவா, நகம் வெட்டியிருக்கிறாளா. சாப்பிடாமல் வந்தவளை ஓரமாக உட்கார வைத்து, பன்னும் வாழைப்பழமும் தின்று முடிக்கும்வரை ஜெர்சி தரமாட்டார். பிறகு இரண்டு கோல் வலைகளையும் தானே சுற்றி வந்து, எங்காவது முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். வெளியூர் மைதானமாக இருந்தாலும் இது உண்டு. அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர் காதில் வாங்கமாட்டார்.

முதல் வருடம் பதினோரு பேர் சேரவே நாங்கள் அலைய வேண்டியிருந்தது. கபடியிலிருந்து நான்கு பேர், ஓட்டத்திலிருந்து இரண்டு பேர், எந்த விளையாட்டும் ஆடாமல் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் சிலர். வீடுவீடாகப் போய்ப் பேசினேன். அரைக்கால் சட்டைக்கு உள்ளே முழுக்கால் லெகின்ஸ் போடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் பல வீடுகளில் ஒத்துக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்குப் பயிற்சி. அந்த நேரத்தில் சிப்காட் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருக்கும் ஆட்கள் பந்து உதைக்கும் பெண்களைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருத்தி சுகுணா. ஆரம்பாக்கம் பக்கத்துப் பெண், இரண்டாம் ஆண்டு வணிகவியல். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அப்பா நாகய்யா இரும்பு உருட்டாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. சுகுணா கபடியிலிருந்து வந்தவள் என்பதால் யாரோடும் மோத அஞ்சமாட்டாள். அவளை ஸ்டாப்பர் இடத்தில் நிறுத்தினோம். கோலுக்கு முன்னால், நடுவில் நின்று, உயரமாக வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்பும் வேலை. இரண்டே மாதத்தில் அந்த இடம் அவளுடையதாகிவிட்டது. எதிரணிக்குக் கார்னர் கிடைத்து, மைதான மூலையிலிருந்து பந்தை உதைக்க வந்தால், கோலின் முதல் கம்பத்துக்கு நாலடி முன்னால் போய் நின்றுகொள்வாள். அங்கே வருகிற பந்து அவளைத் தாண்டாது.

முதல் ஆட்டத்தில் சென்னைக் கல்லூரி ஒன்றிடம் ஒன்பது கோல் வாங்கினோம். மறுநாள் காலை சார் எல்லாரையும் புல்லில் உட்கார வைத்தார்.

“முதல் கோல் எப்படி வந்தது? யார் பார்த்தேள்?”

கோல்கீப்பர், “நாங்க பயந்துட்டோம் சார்” என்றாள்.

“அது நெனச்சது. பார்த்ததைச் சொல்லு.”

அவள் யோசித்துவிட்டு, “லெஃப்ட் சைடுல யாருமே இல்ல சார். அந்தப் பொண்ணு ஃப்ரீயா வந்துச்சு” என்றாள்.

சார் அதை எழுதிக்கொண்டார். அப்படியே ஒன்பது கோல்களுக்கும் கேட்டார். பெண்களுக்கு முதலில் எரிச்சல். ஐந்தாவது கோலுக்கு வந்தபோது அவர்களுக்குள்ளேயே விவாதம் தொடங்கிவிட்டது. எனக்கும் அன்றுதான் இந்த ஆட்டம் புரிய ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் மூன்று கோலில் தோற்றோம். அதற்கடுத்தது சமன். பிறகு ஒரு வெற்றி, மழையில் ஒரு வெற்றி, எதிரணி பஸ் பழுதாகி வராததால் ஒரு வெற்றி. ஆகஸ்ட் முடியும்போது நாங்கள் மண்டலப் போட்டியின் அரையிறுதிக்கு வந்திருந்தோம். கம்பெனி பஸ் ஆட்கள் கையசைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அரையிறுதி சென்னையில். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் இருவர் ஷாமியானா நிழலில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். சுகுணாவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எங்களுக்கு முன்பே தகவல் வந்திருந்தது. பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இதை அவள் என்னிடம் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எனக்கு வேல வந்துச்சுனா நைனாவ மில்லுல இருந்து நிறுத்திடுவேன் மேடம்” என்பாள்.

அன்று வெயில் கடுமை. இடைவேளைக்கு முன்பே இரண்டு பெண்களுக்குத் தசை பிடித்துக்கொண்டது. ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்றுகளையும் இறக்கிவிட்டோம். ஆளுக்கு ஒரு கோல் என்று ஆட்டம் சமனில் நின்றது.

அறுபத்தைந்தாவது நிமிடம். எதிரணிப் பாதியிலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. சுகுணாவும் அவர்களுடைய உயரமான ஃபார்வர்டும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். தலையும் தலையும் மோதின. மந்தமான சத்தம்தான், ஆனால் பெஞ்சுவரை கேட்டது. இருவரும் விழுந்தார்கள். ரெஃப்ரி என்னைக் கையசைத்து அழைத்தார்.

நான் ஓடிப் போய்ச் சேருவதற்குள் சுகுணா எழுந்துவிட்டாள். முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் இல்ல மேடம். எயுந்துட்டேன் பாருங்க.”

தலையில் அடிபட்டால் கேட்க வேண்டியவை என்று சார் தன் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் எழுதி வைத்திருந்த கேள்விகள் எனக்கு மனப்பாடம். கேட்டேன். இது எந்த மைதானம்? சொன்னாள். முதல் பாதியா, இரண்டாம் பாதியா? சொன்னாள். போன ஆட்டம் யாரோடு? கல்லூரிப் பெயரைச் சொன்னாள். கண் தெளிவாக இருந்தது, கால் தடுமாறவில்லை. எதிரணி ஃபார்வர்டை அவர்கள் வெளியே அழைத்துக்கொண்டு வேறொருத்தியை இறக்கினார்கள். அவர்களிடம் மாற்று மீதம் இருந்தது.

“ஸ்கோர் இன்னா மேடம்?” என்றாள் சுகுணா.

“ஒண்ணு ஒண்ணு.”

தலையாட்டினாள். குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நிமிர்ந்தாள்.

“ஸ்கோர் இன்னா மேடம்?”

அதே குரல், அதே முகம். முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள்.

ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். “ஆடறாங்களா இல்லயா, சொல்லுங்க மேடம்.”

நான் அவள் கையைப் பிடித்துக் கோட்டோரம் அழைத்து வந்தேன். சார் நோட்டோடு அங்கே வந்து நின்றிருந்தார்.

“என்ன பார்த்தேள்?”

“கேட்டதுக்கெல்லாம் சரியா சொல்றா சார். ஆனா ஸ்கோர ரெண்டு தடவ கேட்டா. நான் மொதல்ல சொன்னது அவ மனசுல தங்கல.”

“தங்கலைங்கறது நீங்க நெனைக்கறது.”

“ரெண்டு தடவ கேட்டா சார்.”

எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். “பக்கத்துல நின்னு பார்த்தவா நீங்க. தீர்மானம் உங்களோடது. ரிப்போர்ட்ல கையெழுத்து ரெண்டு பேரும் போடுவோம்.”

அவர் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆட விடுங்கள் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. ஷாமியானாவில் இருந்த இருவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் மீதம் இருந்தது. அவளுக்கு எதுவும் இல்லாமலிருக்கவும் வாய்ப்புண்டு என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ரெஃப்ரியைப் பார்த்து, “ஆடல” என்றேன்.

சுகுணா முதலில் நம்பவில்லை. “யாரு மேடம், நானா? நல்லாத்தானே கீறேன்.” கோட்டைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அழ ஆரம்பித்தாள். “அவங்க பாத்துக்கினு கீறாங்க மேடம். ரெண்டே ரெண்டு பால் எடுத்துட்டு வந்துடறேன். வுடுங்க மேடம்.” நான் கையை விடவில்லை. அவள் தலையில் ஈரத்துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையும் ஆட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கேப்டன் ராணி நடுக்களத்திலிருந்து பின்னால் இறங்கி வந்தாள். பத்துப் பேரும் எங்கள் கோலுக்கு முன்னால் குவிந்துகொண்டார்கள். பந்து வந்தால் எங்கே போகிறது என்று பார்க்காமல் உதைத்தார்கள். ஒரு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு முறை கோல்கீப்பர் முகத்தாலேயே தடுத்தாள். இருபது நிமிடம் தாண்டியது. பெனால்டி வரை இழுத்துவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

மூன்று நிமிடம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து முதல் கம்பத்துக்கு நாலடி முன்னால் வந்தது. அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை. அவர்களில் ஒருத்தி நடந்து வந்தது போல வந்து தலையால் தட்டினாள். கோல். சார் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு டெம்போ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்ற பெண்களும் கூடவே வருவோம் என்று ஏறிக்கொண்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சுகுணாவிடம் சில கேள்விகள் கேட்டார், அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு வெளியே வந்து என்னிடம், “ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம் ஓய்வு கொடுங்க” என்றார்.

நாகய்யா ஷிப்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். கம்பெனிச் சட்டை முழுக்க இரும்புத் தூள். மகளைப் பார்த்துவிட்டு வந்து என்னெதிரே நின்றார்.

“டாக்டரே ஒண்ணும் இல்லன்றாரு மேடம். அப்போ இன்னாத்துக்கு வெளிய இட்டாந்தீங்க?”

“எனக்குச் சந்தேகம் வந்துதுங்க.”

“சந்தேகம்” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. “ஊட்ல நாலு மாசமா இத்தயே பேசிக்கினு இருந்துச்சு மேடம் பொண்ணு” என்றார். மகளை அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். சுகுணா திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லூரியில் பேச்சு எழுந்தது. நன்றாக இருந்த பெண்ணை வெளியே உட்கார வைத்து ஆட்டத்தைத் தோற்றார்கள் என்று. முதல்வர் எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் வீட்டில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். சார் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார். அவர் எழுதியது சில வரிகள்தான். அறுபத்தைந்தாவது நிமிடம். உயரப் பந்து. இரு ஆட்டக்காரர்களின் தலைகள் மோதின. தானே எழுந்தார். மூன்று கேள்விகளுக்கும் சரியான விடை. கோல் கணக்கை இரு முறை கேட்டார். வெளியேற்றப்பட்டார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

முதல்வர் படித்துவிட்டு, “தோத்ததுக்குக் காரணம் எதுவும் எழுதலையே சார்?” என்றார்.

“அது தனி விஷயம். வேணும்னா அதுக்கு இன்னொரு ரிப்போர்ட் எழுதித் தரேன்” என்றார் ரங்கராஜன் சார்.

முதல்வர் வேண்டாம் என்றுவிட்டார்.

அக்டோபரில் பல்கலைக்கழக அணி அறிவிக்கப்பட்டது. ஸ்டாப்பர் இடத்தில் வேறொரு கல்லூரிப் பெண். சுகுணா மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வராந்தாவில் எதிரே வந்தால் வகுப்பறைக்குள் நுழைந்துகொள்வாள். ஒரு நாள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது சாரிடம் கேட்டேன்.

“நான் செஞ்சது சரியா சார்?”

“எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்கும் தெரியாது. தெரியாதப்போ ஆட விடப்படாது. அவ்வளவுதான்.”

அது எனக்குப் போதவில்லை. போதவில்லை என்பதை அவரிடம் சொல்லவும் இல்லை.

அடுத்த ஜூனில் பயிற்சி தொடங்கிய முதல் நாள் காலை, வரிசையில் கடைசியாகச் சுகுணா நின்றாள். என்னிடம் பேசவில்லை. சார் நோட்டைப் புரட்டி, “காலைல என்ன சாப்பிட்டே?” என்றார். “இட்லி சார்” என்றாள். எழுதிக்கொண்டார். அந்த வருடம் முழுவதும் ஆடினாள், நன்றாகவே ஆடினாள். ஆனால் பல்கலைக்கழக அணிக்கு அந்த முறையும் அவளை எடுக்கவில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். சில வருடங்களில் ரங்கராஜன் சாரும் ஓய்வு பெற்றுத் திருவள்ளூரோடு போய்விட்டார். இப்போது முழு நேரமும் கோயில்தான். அதன் பிறகு எத்தனையோ அணிகள், எத்தனையோ ஆட்டங்கள். ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு விழும்போதெல்லாம் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலும் நாகய்யாவின் கேள்வியும் நினைவுக்கு வரும்.

என் பணி நிறைவு விழாவுக்குப் பழைய மாணவிகள் பலர் வந்திருந்தார்கள். சுகுணா ஷிப்ட் முடிந்து கம்பெனிக் கோட்டோடு வந்தாள். இப்போது அங்கே மேற்பார்வையாளர். கையில் பிள்ளை. நைனாவை மில்லிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். கூட்டம் கலைந்த பிறகும் போகாமல் நின்றாள். பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“மேடம், உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். அந்த செமி ஃபைனல் எனக்கு ஞாபகமே இல்ல.”

எனக்குப் புரியவில்லை. “எது?”

“அந்தப் பொண்ணோட நான் மோதனதே தெரியாது. உயரமா பால் வந்தது தெரியும். அப்புறம் அந்த டெம்போ சத்தம். நடுவுல ஒண்ணும் இல்ல மேடம். பெஞ்சுல குந்திக்கினு அழுதேன்றாளுங்க, அதுவே எனக்குத் தெரியாது.”

“டாக்டர் கேட்டப்போ எல்லாம் சொன்னியே?”

“டெம்போல அவளுங்க பேசிக்கினு வந்தாளுங்க. அத்தக் கேட்டுக்கினு சொல்லிட்டேன். அப்புறமாச்சும் ஞாபகம் வரும்னு பார்த்தேன். வரவே இல்ல. பயமா பூட்ச்சு. அதான் உங்க மூஞ்சியப் பார்க்காம சுத்திக்கினு இருந்தேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அடுத்த வருஷம் எறக்கியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான்” என்றாள்.

எத்தனை வருடம். சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. கூடவே நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. கோபத்தைக் காட்டத் தோன்றவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். பிள்ளை அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது.

“அந்த ரெண்டாவது கோல் எப்படி மேடம் போச்சு? அவளுங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாளுங்க. நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். ராணி பின்னால் இறங்கியது, கம்பத்தில் பட்ட பந்து, கோல்கீப்பரின் முகம், எல்லாவற்றையும் நடந்த வரிசையில் சொன்னேன். தான் ஆடாத ஆட்டத்தைக் கேட்பது போல வாயைத் திறந்தபடி கேட்டாள். கடைசிக் கார்னருக்கு வந்தேன்.

“பால் எங்க வந்துச்சு?”

“முதல் கம்பத்துக்கு நாலடி முன்னாடி.”

“என் இடத்துல யாரு நின்னா?”

“யாரும் நிக்கல.”

“ஃப்ரீயா அடிச்சாளா?”

“ஃப்ரீயாத்தான் அடிச்சா.”

தலையை லேசாக ஒரு பக்கம் திருப்பினாள். பந்து வந்த வழியை மனதுக்குள் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“நான் இருந்திருந்தா அத்த எடுத்திருப்பேன் மேடம்.”

“எடுத்திருப்ப” என்றேன்.